கைடுக்குத் தெரியாமல் ஒரு டாக்டர்!

பி.எச்டி. படிக்கிறவர் என்றால் ஊரார் கண்ணுக்குப் பெரிய படிப்பாளி. அவர் படும் பாடு பெற்றவர்களுக்கே தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதிப்படி, இந்தப் படிப்பு 3 ஆண்டு முதல் 6 ஆண்டு வரை நீளலாம். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. ஆனால், போட்டித் தேர்வில் ஜெயித்து ஜே.ஆர்.எப். உதவித்தொகை வாங்குகிறவருக்கும் அந்தப் பணம் 5 ஆண்டோடு சரி. கூடப் படித்தவன் வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணிக்கொண்டான். இவரிடம் மட்டும் வீட்டில் தினமும் ஒரே கேள்வி: "எப்பப்பா முடிக்கப் போறே?"

இதற்கெல்லாம் மேலே 'கைடு'! எந்தத் தாள் நகரவும் அவர் கையெழுத்து வேண்டும். நல்ல மனிதர் வாய்த்தால் பிழைத்தார். இல்லாவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

26 நாடுகளில் 2,279 பேரிடம், பெரும்பாலும் பி.எச்டி. மாணவர்களிடம், விசாரித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. பத்தில் நாலு பேருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கணிசமாக இருந்தது.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான வழிமுறைகளைப் பிறப்பித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால், தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும். அதற்குக் குறைந்த நிலையங்கள் வெளியிலுள்ள மனநல நிபுணர்களோடு முறைப்படி தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல உத்தரவு. ஆனால், ஆராய்ச்சி மாணவர் விஷயத்தில் இந்த வெளித் தொடர்பு பெரிய பல்கலைக்கழகத்துக்குத்தான் முதலில் வேண்டும்! ஆலோசகர் அறை இருப்பது கைடு நடக்கும் அதே தாழ்வாரத்தில். ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே நிர்வாகம். "போனால் கைடு காதுக்கு எட்டிடுமோ?" என்று பயப்படுகிறவர் அந்தக் கதவைத் தட்டுவாரா? நோயாளியின் ரகசியம் காக்க 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. ஆனால் பயம் சட்டம் படித்துவிட்டா வருகிறது?

சென்னைக்கு இதில் ஆள் பஞ்சம் இல்லை. 1794-ல் தோன்றிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்கென்றே 1986-ல் தொடங்கிய 'சிநேகா' இருக்கிறது. ஆனால் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பேரையே கேலிப் பேச்சாக்கி வைத்திருக்கிறார்கள் மெட்ராஸ்காரர்கள். மாணவர் அங்கே தானாகப் போக மாட்டார். டாக்டர்தான் இங்கே வரவேண்டும்.

பல்கலைக்கழகமும் ஆஸ்பத்திரியும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். வாரம் ஒரு நாள் டாக்டர் வரட்டும். உட்காருவது துறைக் கட்டடத்தில் வேண்டாம். மாணவர் உடம்பு சரியில்லை என்று சாதாரணமாகப் போகும் வளாக மருந்தகத்திலேயே இருக்கட்டும். சீட்டு ஆஸ்பத்திரியோடு இருக்கட்டும். துறை பைலுக்கு அது வரவே கூடாது. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

அதுவரை 14416 என்ற 'டெலி மானஸ்' எண் இருக்கிறது. இலவசம், ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஹாஸ்டல் வாசலில் பெரிதாக எழுதிப் போட ஒரு டப்பா பெயிண்ட் போதும்.