காதுகுத்து வீட்டிலா? மண்டபத்திலா?

காதுகுத்து, வளைகாப்பு, பிறந்தநாள் எது வந்தாலும் சென்னைவாசிக்கு முதல் தலைவலி இதுதான். "வீட்டுலயே வச்சுக்கலாம்" என்பார் ஐயா. "நாலு பேர் என்ன சொல்வாங்க? மண்டபம் பிடிங்க" என்பார் அம்மா.

யார் சொல்வது சரி?

மண்டபம் என்றால் வாடகையோடு போகாது. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார்கள். 50 ஆயிரம் ரூபாய் வாடகைக்கு வரி மட்டும் 9 ஆயிரம்! கரண்டுக்குத் தனி, கிளீனிங்குக்குத் தனி என்று பில் நீளும். நகையை அடகு வைத்து, கந்து வட்டிக்கு வாங்கி ஒரு நாள் கூத்து நடத்துகிறவர்கள் நம் தெருவிலேயே உண்டு. சாப்பிட்டுப் போன அந்த நாலு பேரா வட்டி கட்டப் போறாங்க?

அதற்காக வீட்டில் வைத்தால் தொல்லையே இல்லை என்று நினைக்காதீர்கள்.

தெருவை அடைத்துப் பந்தல் போட போலீஸ், மாநகராட்சி அனுமதி வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும்? கம்பத்தில் கொக்கி மாட்டி கரண்ட் இழுத்தால் அது மின்சாரத் திருட்டு. 2003-ம் ஆண்டு சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கலாம்! இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஸ்பீக்கர் கூடாது என்பது 2000-ம் ஆண்டில் வந்த விதி. பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வேண்டாமா?

அப்படியானால் என்னதான் செய்வது?

தலையை எண்ணுங்க சார்! உங்க வீட்டில் ஒரு பந்திக்கு எத்தனை இலை போட முடியும்? 20 இலை என்றால், மூன்று பந்திக்கு 60 பேர். அதற்குள் அடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டிலேயே வையுங்க. தெருவை அடைக்க வேண்டாம். கடனும் வேண்டாம்.

கூட்டம் அதற்கு மேல் போனால் மண்டபம்தான். ஆனால் ஏ.சி.யையும் அலங்கார விளக்கையும் பார்த்து மயங்காதீர்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. மாப்பிள்ளை உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்தார்கள். மறந்துவிட்டதா?

மொத்த பில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்க. தீயணைக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்க. மாடி ஏறிப் பாருங்க. இறங்க இன்னொரு வழி இல்லையென்றால், அட்வான்ஸ் பணம் உங்க பையிலேயே இருக்கட்டும்!