சேடக்குக்கு அம்மை!

அப்பாவின் 1986 மாடல் பஜாஜ் சேடக்குக்குப் பெயின்ட் அடிக்க, பட்டறையில் எட்டாயிரம் கேட்டார்கள். வண்டியை விற்றாலே அவ்வளவு வராது சார்! 'நானே அடிச்சுக்கறேன்' என்று நாலு இன்ச் ஸ்பாஞ்ச் ரோலரும் ஒரு லிட்டர் எனாமலும் வாங்கி வந்தேன். அதே நீலம்தான். கலரை மாற்றினால் ஆர்.சி. புக்கிலும் மாற்றணுமே!

400-ம் நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்ததில், முதலில் தேய்ந்தது என் கைரேகை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் திக்காக உருட்டினேன். மறுநாள் வண்டி முழுக்கக் கொப்புளம்!

''வேப்பிலை கொண்டு வரட்டுமா?'' என்றாள் மனைவி.

மறுபடி எல்லாவற்றையும் தேய்த்து, டர்பன்டைன் கலந்து மெல்லிசாக நாலு கோட். கோட்டுக்கு ஒரு நாள் காயல், நடுவில் 600-ம் நம்பரில் லேசாகத் தேய்ப்பு. ஆபீஸ் போனது கையெழுத்துப் போட மட்டுமே. கடைசியில் மட்கார்டில் என் மூஞ்சி தெரிந்தது!

அம்மா சுற்றி வந்து பார்த்தாள். முன்பெட்டியில், அப்பாவின் முழங்கால் உரசி உரசி வழுக்கையான இடத்தில் நின்றாள்.

''ஏண்டா, இந்த இடத்தை விட்டுட்டியே?''

''தெரிஞ்சுதாம்மா விட்டேன். துரு பிடிக்காம வார்னிஷ் மட்டும் அடிச்சிருக்கேன்.''

அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் அந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.