ஒரு டாலர் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் என் வகுப்பு நீளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் நயாகரா போய்வந்த படங்களைப் போட்டிருந்தான். நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சின்ன விமானத்தில் போனானாம். "அந்த மாதிரி விமானங்களை ஓட்டுகிறவர்கள் நியாயமான சம்பளத்துக்காக எத்தனை வருடம் குரல் கொடுத்தார்கள், தெரியுமாடா?" என்று கேட்டேன். "பைலட்டுக்கு என்ன மாமா குறைச்சல்? அவங்களுக்குக் கூட்டிக் கொடுத்தா நம்ம டிக்கெட்தான் ஏறும்" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே ஆறேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அங்கே சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அதே வழித்தடம். 2009 பிப்ரவரி 12, இரவு. நியூவார்க்கிலிருந்து புறப்பட்ட விமானம் பஃபலோவில் இறங்குவதற்குச் சற்று முன் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் இறந்தார்கள். வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார். டிக்கெட் விற்றது கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில். விமானத்தின் மேல் எழுதியிருந்ததும் அந்தப் பெயர்தான். ஓட்டியதோ கோல்கன் ஏர் என்ற சின்ன ஒப்பந்த நிறுவனம்.

துணை விமானிக்கு வயது 24. வேலை நியூவார்க்கில், வீடு நாட்டின் மறுகோடியில் சியாட்டில் பக்கம், பெற்றோருடன். முந்தைய இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் ஓசி இருக்கையில் பயணம் செய்து, காலையில் நியூவார்க் வந்து, ஊழியர் அறையில் கண்ணயர்ந்துவிட்டு, ஜலதோஷத்தோடு பணிக்குப் போனார். சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. இல்லை, 23,900 என்று நிறுவனம் பிறகு திருத்தியது. சரி, திருத்தியதையே வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 டாலருக்கும் குறைவு. அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். அவர் செலவும் டாலரில்தான். அந்த வேலையில் சேர்ந்த புதிதில் காபிக் கடையிலும் வேலை பார்த்தார் என்று விசாரணையில் வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். விபத்துக்குக் காரணம் சம்பளம் என்று விசாரணை வாரியம் எழுதவில்லை. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி செய்த தவறான செயலையே காரணமாகச் சொன்னது. இருவரும் களைப்பில் இருந்திருக்கலாம், ஆனால் அது எவ்வளவு பங்கு வகித்தது என்று அளந்து சொல்ல முடியாது என்றது. அளக்க முடியவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? வேலை செய்யும் ஊரில் ஓர் அறை எடுத்துத் தூங்க வசதியில்லாதவரிடம் 49 உயிர்களை ஒப்படைத்தது யார் தவறு?

எனக்கு இது புத்தக விஷயம் இல்லை. அரசு வேலை கிடைக்கும் முன் ஐந்து வருடம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். சம்பளம் வாடகைக்கே சரியாக இருக்கும். காலை ஐந்து மணிக்கு டியூஷன், பள்ளி, பிறகு இரவு ஒன்பது வரை டியூஷன். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் தேற்றத்தை நடுவில் தப்பாகப் போட்டுவிட்டேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், மூணாவது வரி" என்றாள். டஸ்டரை எடுத்து அழித்துவிட்டேன். விமானத்தில் டஸ்டர் கிடையாது.

இனி டிக்கெட் விலை. வாருங்கள், கணக்குப் போடுவோம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நிறுவனங்களில் புதிய துணை விமானிக்கு மணிக்கு 20 டாலரைச் சுற்றித்தான். அதுவும் பெரும்பாலும் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும் வரைதான் மணி ஓடும். நிலையத்தில் காத்துக்கிடக்கும் நேரம் அதில் சேராது. மாதம் 75 மணி என்றால் 1,500 டாலர். சரி, இரண்டு விமானிகளுக்கும் மணிக்கு 20 டாலர் கூட்டுங்கள். மொத்தம் 40. அன்றைய விமானத்தில் பயணிகள் 45 பேர். பயணம் ஒரு மணி நேரம். 40 வகுத்தல் 45. ஒரு டாலர்கூட வரவில்லை! மற்ற செலவுகளைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் தலைக்கு இரண்டு டாலருக்குள். மருமகனே, நயாகராவில் நீ குடித்த காபி அதைவிட அதிகம் இருக்கும்.

சின்ன நிறுவனத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அதே 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றினாரே சல்லன்பெர்கர், அவர் அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியமும் போயிற்று என்று சொன்னார். உலகமே கைதட்டிய விமானியின் கதி அது.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் வாஷிங்டனுக்கு நடந்தார்கள். 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்றானது, ஓய்வு நேர விதிகளும் மாறின. நல்லது. ஆனால் சம்பளம் பற்றி அந்தச் சட்டம் வாய் திறக்கவில்லை. தகுதியை ஏற்றினார்கள், அதை அடையும் செலவைக் கடன் வாங்கிப் படித்த பிள்ளை தலையில் வைத்தார்கள்.

பிறகு ஆள் கிடைக்காமல் போனது. 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் மூன்று பிராந்திய நிறுவனங்கள், தற்காலிகக் கூடுதல் தொகையையும் சேர்த்து, முதலாண்டுத் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. நேற்று வரை முடியாது என்றது இன்று எப்படி முடிந்தது? முடியாமல் இருந்ததே இல்லை என்பதுதான் பதில். ஆள் பஞ்சத்தால் ஏறிய சம்பளம், ஆள் மலிந்தால் இறங்கும். அப்படி இறங்காமல் தடுக்க ஓர் அடிமட்ட அளவு வேண்டும். விமானத்தின் மேல் பெயர் எழுதி டிக்கெட் விற்கும் பெரிய நிறுவனமே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். பெயர் என்னுடையது, சம்பளம் அவன் பாடு என்பது நியாயமில்லை.

அங்கே வாழும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது, இயக்குவது எந்த நிறுவனம் என்று பாருங்கள். முதல் திரையிலேயே அதைக் காட்ட வேண்டும் என்பதும் அதே 2010 சட்டம்தான். விமானிகள் சம்பளம் கேட்டு வாசலில் பதாகையோடு நின்றால் முகம் சுளிக்காமல் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள் உங்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள்.

கட்டைவிரல் தூக்கிய உறவுகளே, ஒரு டாலரை மிச்சம் பிடிக்க யார் தூக்கத்தைக் கழித்தோம் என்று ஒருமுறை யோசியுங்கள். என் கணக்கில் தவறு இருந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள். டஸ்டர் கையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்