ஊருணியும் நம் வீட்டு வடிகாலும்

ஊரார் உண்ணும் நீரைத் தேக்கிய இடத்திற்கு 'ஊருணி' எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். நீரைப் போற்றிய அம்மரபினர் இன்று அதனைப் பேணும் முறையோ நாணத்தக்கது.

அண்ணாமலையைச் சூழ்ந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். மறுநாட் காலையில் சிதறிக் கிடக்கும் குவளைகளையும் தட்டுகளையும் கண்டு, வெளியூரார் நம் ஊரைக் கெடுக்கின்றனர் என முகம் சுளிக்கிறோம். அக்குற்றச்சாட்டு பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. பௌர்ணமி ஆண்டிற்கு 12 அல்லது 13 முறையே வரும். நம் சமையலறையும் குளியலறையும் கழிவுநீரை வெளியேற்றுவதோ 365 நாளும்! அது தெருக் கால்வாய் வழியே பள்ளத்திலுள்ள குளத்தையும் ஏரியையும் நாடுகிறது.

சலவைத்தூளின் பாஸ்பேட்டும் மலநீரின் நைட்ரஜனும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகின்றன. அவை மடிந்து அழுகுங்கால் நீரில் கரைந்துள்ள உயிர்வளி குன்றுகிறது, மீன்கள் மாள்கின்றன, கொசு பெருகுகிறது.

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. சட்டம் கடைத்தெருவை எட்டலாம். நம் வீட்டு வடிகாலைக் காப்பது நம் மனச்சான்றே.

பள்ளிவாசல் ஹவுளில் ஒளுச் செய்வோரும் கோயில் குளத்தில் கால் நனைப்போரும் நாடுவது தூய்மையே. மாணவச் செல்வங்களே! மட்கும் குப்பையை உரமாக்குங்கள். உங்கள் தெருச் சாக்கடை எந்நீர்நிலையில் முடிகிறதென ஒருநாள் நடந்து பாருங்கள். அந்நடை உங்கள் வாசலிலிருந்தே தொடங்கும்.