வழி தெரிந்தவனுக்கு மெனு எதற்கு?



டிப்ளமோவை முடித்துவிட்டு வெளியே போகிற நம்மில் பலருக்கு முதல் வேலை, ஏதாவது ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான். அங்கே நம் மானத்தைக் காப்பதும் கப்பலேற்றுவதும் எது தெரியுமா? மீட்டிங் ஹாலில் கூரையிலே தொங்குகிறதே, அந்த புரொஜெக்டர்! ஒருவருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அவருக்கு மட்டும்தான் தெரியும். புரொஜெக்டரில் படம் வராவிட்டால் மேனேஜர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாத் தலையும் நம் பக்கம் திரும்பும்!

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஆபீஸ்கள் புதிய பதிப்புக்கு மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் அதே புலம்பல்: "நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு சார்... அப்கிரேடு பண்ணதும் புரொஜெக்டரே காணோம்!"

பழியை விண்டோஸ் மேல் போடுவார்கள். அல்லது, "புரொஜெக்டர் பழசு சார், மாத்திடுங்க" என்று ஒரு பெரிய செலவை இழுத்துவிடுவார்கள். என் கருத்து வேறு. நாம் மெனுவைப் படித்தோமே தவிர வழியைப் படிக்கவில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயர் மட்டுமா மாறியது?

2007-இல் கடைக்கு வந்த விஸ்டாவிலும், 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலும் நெட்வொர்க் புரொஜெக்டருடன் இணைக்கவென்றே ஒரு வசதி இருந்தது. அதைத் திறந்து புரொஜெக்டரின் முகவரியைத் தட்டினால், ரிமோட் டெஸ்க்டாப் முறையில் நம் திரையை நெட்வொர்க் வழியாகவே அனுப்பிவிடும். அதற்கு ஒத்துவருகிற புரொஜெக்டர் வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் வை-ஃபை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. லேன் கேபிள் போதும்.

2013-இல் விண்டோஸ் 8.1 வந்தபோது மிராகாஸ்ட் உள்ளே வந்தது. இன்று விண்டோஸ் 11-இல் விண்டோஸ் கீயுடன் 'கே' எழுத்தை அழுத்தினால் திறப்பது அந்த வழிதான். மிராகாஸ்ட் அடிப்படையில் வை-ஃபை சமாசாரம். கம்ப்யூட்டரும் திரையும் ரூட்டரைக் கேட்காமலே நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். இப்போது யோசித்துப் பாருங்கள். ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கும் டெஸ்க்டாப்பில் வை-ஃபை கார்டே இல்லை என்றால்? "இந்தக் கருவி மிராகாஸ்ட்டை ஆதரிக்கவில்லை" என்று கையை விரித்துவிடும். கூரையில் இருக்கும் புரொஜெக்டர் மிராகாஸ்ட் தெரியாத பழைய ரகம் என்றால், நல்ல லேப்டாப்பிலும் அதன் பெயர் பட்டியலில் வராது.

ஆக, பழைய மெனு எங்கே போச்சு என்று தேடிப் பயனில்லை. ரோடே மாறிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் புரொஜெக்டர் கம்பெனியே தருகிற சாஃப்ட்வேரில், புதிய விண்டோஸுக்கு ஏற்ற பதிப்பைப் போட வேண்டும். பழைய பதிப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டி நேரம் கழித்தவர்கள் ஏராளம்!

கேட்க வேண்டிய நாலு கேள்வி

முதல் கேள்வி: இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா? புரொஜெக்டரின் மெனுவிலேயே அதன் ஐ.பி. முகவரி தெரியும். புரொஜெக்டர் 192.168.1.50, கம்ப்யூட்டர் 192.168.0.20, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இவை வேறு வேறு தெருக்காரர்கள். நடுவில் ரூட்டர் வழிவிட்டால்தான் பேச்சுவார்த்தை. வருகிற விருந்தாளிகளுக்கென்று தனி வை-ஃபை வைத்திருக்கும் ஆபீஸ்களில் இந்தத் தகராறு அடிக்கடி வரும்.

இரண்டாவது: பிங் செய்தால் பதில் வருகிறதா? வந்தால் பாதை திறந்திருக்கிறது என்று நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால் முதலில் கேபிளையும், புரொஜெக்டர் முழுதாக விழித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில ரகங்கள் ஸ்டாண்ட்-பையில் நெட்வொர்க்கையும் அணைத்துவிடும்.

மூன்றாவது: வாசலில் காவல்காரன் தடுக்கிறானா? ஃபயர்வாலைத்தான் சொல்கிறேன். புதிதாகச் சேருகிற நெட்வொர்க்கை விண்டோஸ் 11 வழக்கமாக 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். முன்பு நாம் கொடுத்திருந்த அனுமதிகளும், புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது போய்விடும். பிங் வருகிறது, ஆனால் சாஃப்ட்வேர் புரொஜெக்டரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான். அதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போகாதீர்கள்! வீட்டுக்குள் பூனை வரவேண்டும் என்று கதவையே கழற்றிவைப்பார்களா? அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

நாலாவது: டிஸ்ப்ளே டிரைவரும் வை-ஃபை டிரைவரும் புதிய விண்டோஸுக்கு உரியவைதானா? மிராகாஸ்ட்டுக்கு இரண்டுமே ஒத்துழைக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தாலும் படம் வராது.

இந்த நாலும் விஸ்டா காலத்திலும் பொருந்தின, இன்றும் பொருந்துகின்றன. மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவன் ஒவ்வொரு அப்கிரேடிலும் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியதுதான்.

"ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகினால் முடிந்தது. இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேஜை டிராயரில் ஒரு கேபிள் எப்போதும் இருக்கட்டும், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பெரிய ஹாலில், அஞ்சு பேர் மாறி மாறிப் பேசுகிற கூட்டத்தில், ஒவ்வொருவரும் எழுந்துபோய் கேபிளைப் பிடுங்கிச் சொருகுவது நடக்கிற காரியமா? ஆபத்துக்குக் கேபிள், அன்றாடத்துக்கு நெட்வொர்க். இரண்டும் வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 போடுமுன் டி.பி.எம். 2.0 இருக்கிறதா, ராம் 4 ஜி.பி.யாவது இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறீர்கள். மீட்டிங் ஹாலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கடைசியில் முகூர்த்த நேரத்தில் மேளக்காரரைத் தேடுகிற கதையாகிறது! ஒரே ஒரு கம்ப்யூட்டரை முதலில் மாற்றி, அதை ஹாலுக்குக் கொண்டுபோய்ப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள். ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனையோ பெண்ணையோ நாலு பேர் முன்னால் திட்டுவது என்ன நியாயம்?

நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். லேபில் கேபிள் கிரிம்பிங் செய்கிறோம், பிங் செய்கிறோம், பிரிண்டரைப் பகிர்கிறோம். ஒரே ஒரு பிற்பகல், கல்லூரி புரொஜெக்டரையும் எங்கள் கையில் கொடுங்கள். நீங்களே வேண்டுமென்று ஐ.பி. முகவரியை மாற்றி வையுங்கள், ஃபயர்வாலை இறுக்கி வையுங்கள். நாங்கள் கண்டுபிடிக்கிறோம்! நூறு பக்க நோட்ஸ் தராத தைரியத்தை அந்த ஒரு பிற்பகல் தரும்.

தோழர்களே! விண்டோஸ் 12 வரட்டும், 15 வரட்டும், பட்டன்கள் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும். நாளைக்கு அந்த ஹாலில் எல்லாத் தலையும் திரும்பும்போது, "அஞ்சு நிமிஷம் குடுங்க சார், பாத்துடறேன்" என்று பதறாமல் சொல்ல முடிகிறதே, அதுதான் நம் டிப்ளமோவுக்கு மரியாதை. அதை இங்கேயே, இந்த லேபிலேயே சம்பாதித்துக்கொண்டு போவோம்!

- மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்