காய்ச்சல் விட்டதும் கண்ணைக் கவனிப்போம்

2006-ஆம் ஆண்டு தென்னாட்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியதை நமது அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூட்டுவலியால் தறியும் ஏரும் ஓய்ந்துகிடந்த காலம் அது. காய்ச்சல் தணிந்த பின்னர்ச் சிலருக்குப் பார்வை மங்கியது. அத்தகையோரைச் சோதித்த மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள், அக்காய்ச்சல் விழித்திரையையும் பாதிக்கக்கூடும் என்று 2007-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தனர்.

விழித்திரை என்பது கண்ணின் பின்புறத்தில் ஒளியை ஏற்கும் மெல்லிய படலம். பாவில் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். அழிந்த விழித்திரையைப் பிணைக்க எந்தக் கைக்கும் இயலாது.

சிக்குன்குனியாவால் வரும் அழற்சி பலருக்குத் தணிந்துவிடுகிறது. அதனினும் கொடியது, சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸ் விழித்திரையைத் தாக்குவது. 1971-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்த இந்நோயில், சில நாட்களிலேயே விழித்திரை அழியத் தொடங்கும். பின்னர் அது பிரிந்துபோகலாம். மற்றக் கண்ணுக்கும் பரவலாம். அசைக்ளோவிர் போன்ற மருந்துகள் நோயைத் தடுத்து நிறுத்த வல்லவை. ஆயினும் அழிந்த பகுதியை அவை மீட்டுத் தாரா. ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நட்டமே.

அக்கிக்குக் குயவரிடம் சென்று காவியால் எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். அதனை நாம் இகழவில்லை. ஆனால் கண்ணுக்குள் புகுந்த நோயைக் காவி எட்டாது. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் உதவாது. கண் சிவந்து வலித்தாலும், புள்ளிகள் மிதந்தாலும், பார்வை மங்கினாலும், காய்ச்சலின் அசதி என்று ஒதுக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

மதுரைக்கு மருத்துவர் குறைவில்லை. 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையில் பணம் கொடுக்க இயலாதவர்க்கும் சிகிச்சை உண்டு. நம்மவரைத் தடுப்பது ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமுமே. இக்குறையைத் தீர்க்கக் கூட்டுறவைவிடத் தகுந்தது எது? கண் நோயுற்ற அங்கத்தினருக்கு அன்றைய தினமே முன்பணம் தருவதென ஒவ்வொரு சங்கமும் தீர்மானிக்கவேண்டும் என்பது நமது கருத்து. நூல் வாங்கக் கடன் தரும் சங்கம், நூலைப் பார்க்கும் கண்ணுக்கும் கடன் தரலாகாதா?

சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிட்டுப் பகலில் கடிப்பது. தொட்டி, பானை, சிரட்டைகளிலுள்ள நீரை வாரம் ஒரு முறை கொட்டிக் கவிழ்ப்போம். அது செலவில்லாத காப்பு.