நோட்டீஸுக்கு முன்னால் வழி திறக்க வேண்டும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வங்கிக் கணக்குத் தொடங்கும்போது, நீட்டப்படும் தாள்களுக்கிடையே ஒரு படிவம் இருக்கும். பிறந்த நாடு எது, வேறு நாட்டில் வரி கட்டுபவரா, அந்நாட்டு வரி எண் என்ன என்று அது கேட்கும். பெரும்பாலோர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவு அது. அமெரிக்கக் குடிமக்கள் நம்மூரில் வைத்திருக்கும் கணக்குகளின் விவரம் அதன்படி அமெரிக்க வரித்துறைக்குப் போய்ச் சேருகிறது.

செவிலியராகப் போய் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஓய்வுக்குப் பின் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையுடன் ஊர் திரும்பியவர்கள் குமரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் அங்கே வேலை பார்த்த காலத்தில் பிறந்து, இங்கே வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; ஓசிஐ என்பது குடியுரிமையும் அல்ல. ஆனால் வரி விஷயத்தில் இவர்கள் இரண்டு நாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். தன் குடிமகன் உலகின் எந்த மூலையில் குடியிருந்தாலும் அமெரிக்கா அவரிடம் ஆண்டுதோறும் வருமானக் கணக்கு கேட்கிறது.

இதில் பலர் தவறுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வைப்பு வட்டிக்கு வரி கிடையாது என்று வங்கியில் சொல்வார்கள். அது இந்திய வரிக்கு மட்டும்தான். அமெரிக்கக் குடிமகனுக்கு அதே வட்டி அங்கே வரிக்கு உட்பட்ட வருமானம். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கையும் தர வேண்டும். வயதான அம்மாவின் சேமிப்புக் கணக்கில் வசதிக்காகச் சேர்த்த பெயர்கூட இந்தக் கணக்கில் வரும். இதை எந்த மகளுக்கு யார் சொன்னார்கள்?

தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். ருமேனியா, அமெரிக்கா இரண்டின் குடியுரிமையும் கொண்ட அலெக்ஸாண்ட்ரு பிட்னர் ருமேனியாவுக்குத் திரும்பிப் போய்த் தொழில் செய்தவர். ஐந்து ஆண்டு எஃப்பார் அறிக்கைகளை நேரத்தில் தரவில்லை என்று, அவரது கணக்குகளை ஒவ்வொன்றாக எண்ணி 27.2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது அமெரிக்க வரித்துறை. வேண்டுமென்றே செய்யாத தவறுக்கு ஆண்டறிக்கை ஒன்றுக்குத்தான் அபராதம், கணக்கு ஒவ்வொன்றுக்கும் அல்ல என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை 50,000 டாலராகக் குறைந்தது.

அதே அமெரிக்கா ஒரு நல்ல வழியையும் வைத்திருக்கிறது. வெளிநாட்டில் குடியிருப்பவர், தெரியாமல் விட்டேன் என்று காரணத்தை எழுதி 14653 என்ற படிவத்தில் உறுதியளித்து, மூன்று ஆண்டு வருமானக் கணக்கையும் ஆறு ஆண்டு எஃப்பார் அறிக்கையையும் தாக்கல் செய்தால் போதும். வரியும் வட்டியும் இருந்தால் கட்ட வேண்டும், அபராதம் இல்லை. வரித்துறை விசாரணையைத் தொடங்கிவிட்டால் மட்டும் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே, இதில் அகப்பட்டிருக்கும் நம் மாவட்டத்தவர் காத்திருக்கக் கூடாது. பழையதைச் சொல்லாமல் இந்த ஆண்டிலிருந்து சத்தமில்லாமல் தாக்கல் செய்தால் போதும் என்று ஆலோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

நம் அரசு இந்த அளவு நியாயமாக நடந்துகொள்கிறதா? வெளிநாட்டில் சேர்த்த ஓய்வூதிய நிதியை, இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேறிய பின் வருமானக் கணக்கில் காட்டத் தவறினால், 2015-ம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் பத்து லட்சம் ரூபாய் அபராதம் கேட்கலாம். வீடு, நிலம் நீங்கலாக இருபது லட்சத்துக்குள் அடங்கும் சொத்துகளுக்கு 2024 அக்டோபரிலிருந்து இந்த அபராதம் இல்லை. நல்ல திருத்தம்தான். ஆனால் முப்பது ஆண்டு இரவுப் பணி பார்த்த ஒரு செவிலியரின் ஓய்வூதிய நிதி அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

2026-27 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், ஊர் திரும்பிய வெளிநாடுவாழ் இந்தியர் போன்ற சிறு வரிதாரர்களுக்கு ஆறு மாத வாய்ப்பு ஒன்றை அறிவித்தார். வரி கட்டிய வருமானத்தில் வாங்கிக் காட்டாமல் விட்ட சொத்து என்றால், ஐந்து கோடி வரை ஒரு லட்சம் ரூபாய் கட்டணம். ஐந்து கோடி வைத்திருப்பவருக்கும் இருபத்தைந்து லட்சம் வைத்திருப்பவருக்கும் ஒரே கட்டணம் என்பதை ஏற்க முடியாது. சொத்து மதிப்புக்கு ஏற்ப அதைக் குறைக்க வேண்டும். அந்தச் சலுகை ஆறு மாதத்தோடு முடியாமல், தெரியாமல் விட்டவருக்கு நிரந்தர வழியாகவும் இருக்க வேண்டும்.

முதலில் நினைவூட்டினால் மக்கள் கணக்கைத் திருத்துகிறார்கள் என்பதற்கு நம் வருமான வரித்துறையே சாட்சி. 2024 நவம்பரில் அது குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியதும் 24,678 பேர் கணக்கைத் திருத்தினர். 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்து வெளியே வந்தது. மிரட்டலால் வந்த தொகை அல்ல அது.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் 1996-லேயே வெளிநாடுவாழ் கேரளத்தவருக்காக நோர்க்கா துறையை அமைத்துவிட்டது. தமிழக அரசும் அயலகத் தமிழர் நல வாரியம் அமைத்து, ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த வாரியமும் வருமான வரித்துறையும் சேர்ந்து நாகர்கோவிலிலும் குளச்சலிலும் தமிழில் விளக்க முகாம் நடத்த வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். முகாம் அப்போதே நடக்கட்டும். டிசம்பர் 31, தாமதக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளும்கூட.